ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா? எந்தச் செக்போஸ்டில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் மாமா ஒருவர் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் சின்ன ஃபேக்டரி வைத்திருக்கிறார். ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேப்டாப். சர்வர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்தான். இலைக்கணக்கு ஃபோல்டர் அதில் இருக்கிறது. எடை போடும் இடத்தில் ஒரு லினக்ஸ், கணக்கர் அண்ணன் மேஜையில் இன்னொரு லினக்ஸ், மாமாவிடம் விண்டோஸ் லேப்டாப். எல்லாரும் அந்த ஒரே ஃபோல்டரைத் திறந்து வேலை பார்க்கிறார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மாவட்டம் இது, ஆனால் ஒரு மரம் சாய்ந்தால் மெழுகுவர்த்திதான். காலையில் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, கணக்கு ஃபோல்டர் வரமாட்டேங்குது. நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்."

"என்னண்ணே சொல்லுது?"

"என்னமோ இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்லுது."

அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியது. அண்ணன் அதைப் படிக்காமல் மூடிவிட்டு நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கிறார். இந்தக் கட்டுரையே அந்த வரியை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன், கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் உச்சரிப்பில் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் ஃபோல்டரைப் பகிர இரண்டு வழிகள்தான் அதிகம் புழங்குகின்றன. ஒன்று என்எஃப்எஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் கொண்டுவந்தது. யூனிக்ஸும் யூனிக்ஸும் பேசிக்கொள்வதற்கு என்றே பிறந்தது. இன்னொன்று சம்பா. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி என்ற மொழியை லினக்ஸையும் பேச வைப்பது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-ல் ஆரம்பித்த வேலை அது. இரண்டுமே "தூரத்தில் இருக்கும் ஃபோல்டரை உன் ஃபோல்டர் போலக் காட்டு" என்ற ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன, ஆனால் உள்ளே விடுவதற்கு முன் கேட்கும் கேள்வி வேறு. அந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

2024 மே மாதம் 7-ம் தேதியிலிருந்து நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், எல்லாருக்கும் தெரியும். டிஎன் 43 பலகை உள்ள நம்மூர் வண்டிக்கு வேண்டாம். செக்போஸ்டில் பார்ப்பது பலகையை. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது கோத்தகிரிக்காரரா, அந்த வண்டியைப் பழைய விலைக்கு வாங்கிப்போன கோயமுத்தூர்க்காரரா என்பது பலகையில் எழுதியிருக்காது. என்எஃப்எஸ் இப்படித்தான். உன் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி என்ன, உள்ளே இருக்கும் ஆளின் எண் என்ன, இந்த இரண்டு நம்பர்தான் அதற்குத் தெரியும். சாதாரண அமைப்பில் பாஸ்வேர்டு கேட்பதே இல்லை. கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையைச் சேர்த்தால் கேட்கும், ஆனால் நாலு கம்ப்யூட்டர் ஆபீஸில் யார் அதையெல்லாம் வைக்கப்போகிறார்கள். சம்பா அப்படி இல்லை. அது வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கச் சொல்லி "பேர் என்ன, அடையாள அட்டை எங்கே" என்று ஆளையே கேட்கும்.

சரி, இப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மேலே வந்து சேரவில்லை என்றால் மலைப்பாதை முழுவதையும் தேட மாட்டோம், குஞ்சப்பனை செக்போஸ்டைத் தாண்டியதா இல்லையா என்றுதான் முதலில் கேட்போம். இங்கேயும் அதே வழிதான், கீழிருந்து மேலே போக வேண்டும்.

முதல் இடம் கம்பி. சிரிக்க வேண்டாம். மலையில் ஈரம் அதிகம், நெட்வொர்க் கேபிள் முனையில் இருக்கும் அந்தப் பித்தளை நிறத் தகடுகள் கறுத்துப்போகும். சர்வரின் ஐபிக்கு பிங் அடித்து, அதாவது "இருக்கிறாயா" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் வழி இருக்கிறது. பதில் வந்தும் எல்லாம் ஆமையாக நகர்ந்தால் ஈத்டூல் கட்டளையில் வேகம் என்ன என்று பாருங்கள், 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் கேபிளில் எங்கோ இழை விட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். ஏனென்றால் 1000-க்கு எட்டு இழையும் வேண்டும், 100-க்கு நாலே போதும், அதனால் நாலு செத்தாலும் இணைப்பு இருப்பதுபோலவே காட்டிக்கொண்டிருக்கும். சர்வரின் பெயர் வைத்து ஷேரை மவுண்ட் செய்கிறீர்கள், அதாவது உங்கள் கம்ப்யூட்டரில் இணைக்கிறீர்கள் என்றால் ஐபி வைத்து ஒரு தடவை முயன்று பாருங்கள். ஐபியில் வேலை செய்து பெயரில் செய்யவில்லை என்றால் சிக்கல் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில், ஷேரில் அல்ல.

இரண்டாவது, கதவு. என்எஃப்எஸ் 2049 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள கதவில், கேட்டுக்கொண்டிருக்கும், சம்பா 445-ல். என்எஃப்எஸ்ஸின் பழைய 3-ம் பதிப்பு என்றால் 111-ம் வேண்டும், போதாக்குறைக்கு வேறு சில போர்ட்டுகளும். 4-ம் பதிப்பு 2049 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறது, வேண்டாத கதவுகளை அடைக்கும் ஃபயர்வால் வைக்கிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. என்சி என்ற கட்டளையில் சர்வர் ஐபியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். இங்கேதான் அந்த இங்கிலீஷ் வரி பேச ஆரம்பிக்கிறது.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. வீட்டில் ஆள் இருக்கிறார், வெளியே வந்து "இங்கே அப்படி யாரும் இல்லையே" என்கிறார் என்று அர்த்தம். சர்வர் உயிரோடு இருக்கிறது, என்எஃப்எஸ் சேவைதான் ஓடவில்லை. சர்வருக்குப் போய் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்த்து ஸ்டார்ட் செய்தால் முடிந்தது. "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்றால் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தும் சத்தமே இல்லை. சர்வர் அணைந்திருக்கலாம், பிங் வருகிறது என்றால் ஃபயர்வால் விழுங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது ஒன்று கொஞ்சம் ஏமாற்றுப்பேர்வழி. "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று வரும், வழியே இல்லை போல என்று ரவுட்டரை நோண்டப் போவோம். ஆனால் பிங் அழகாகப் போய்க்கொண்டிருக்கும். ஃபெடோரா மாதிரி ஃபயர்வால்டி ஓடும் சர்வர்களில் மூடிய போர்ட்டைத் தட்டினால் இந்த வார்த்தையில்தான் பதில் வரும். நான் ஒரு மதியம் முழுக்க ரவுட்டரைக் குடைந்திருக்கிறேன், சர்வரின் ஃபயர்வாலில் ஒரே ஒரு சேவையை அனுமதித்திருந்தால் முடிந்திருக்கும்.

மூன்றாவதுதான் அசல் செக்போஸ்ட். "ஆக்சஸ் டினைடு பை சர்வர் வைல் மவுண்டிங்." கதவு திறந்தது, ஆளும் இருக்கிறார், உன் பலகையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணனுக்கு அன்று வந்த வரி இதுதான்.

சர்வரில் எட்சி அடைவுக்குள் எக்ஸ்போர்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும். எந்த ஃபோல்டரை எந்த ஐபிக்கு விடலாம், படிக்க மட்டுமா எழுதவுமா என்று ஒவ்வொரு வரியாக எழுதி வைப்பது அதில்தான். நான் அதில் அண்ணன் கம்ப்யூட்டரின் 192.168.1.14 என்ற முகவரியை எழுதி வைத்திருந்தேன். ராத்திரி கரண்ட் போய் ரவுட்டரும் அணைந்து எழுந்தது, யாருக்கு எந்த ஐபி கொடுத்திருந்தோம் என்பதை மறந்துவிட்டது, காலையில் முதலில் எழுந்த மாமாவின் லேப்டாப்புக்கு 14-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டு அண்ணனுக்கு 23-ஐக் கொடுத்தது. சர்வர் பார்வையில் 23 யாரோ வெளியூர் வண்டி. தப்பு என்னுடையதுதான், ரவுட்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபியை நிலையாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரே நிமிஷம்தான் ஆனது. கிளையன்டில், அதாவது ஷேரைக் கேட்கும் அண்ணன் கம்ப்யூட்டரில், ஐபி ஏ என்று தட்டித் தன் முகவரியைப் பார்ப்பது, சர்வரில் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி என்று தட்டி அனுமதிப் பட்டியலைப் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலைத் திருத்தினால் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ என்று ஒரு தடவை அடித்தால்தான் திருத்தம் அமலுக்கு வரும். மறந்துவிட்டு அரை மணி நேரம் தலையைச் சொறிந்தவர்கள் பட்டியலில் என் பெயர் மேலேயே இருக்கும். இன்னொரு பழைய பொறி, ஐபி முகவரிக்கும் அதன் பின்னால் வரும் அடைப்புக்குறிக்கும் நடுவில் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டுவிடுவது. பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் பொருள் தலைகீழ். அந்த ஐபிக்கு வெறும் படிக்கும் உரிமை, உலகத்தில் உள்ள மற்ற எல்லாருக்கும் எழுதும் உரிமை என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு "ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் அந்த வரியில் கண்ணை வைத்து இடைவெளியைத் தேடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. லினக்ஸ் சர்வர் வழக்கமாக 1024-க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வரும் கிளையன்டைத்தான் நம்பும், மேக் அதற்கு மேலிருந்து கிளம்பும். ஐபி எல்லாம் சரியாக இருந்தும் மேக்கை மட்டும் விடவில்லை என்றால் மேக்கில் மவுண்ட் செய்யும்போது ரெஸ்வ்போர்ட் என்ற விருப்பத்தைச் சேருங்கள். அப்புறம், ஷோமவுண்ட் -இ என்று அடித்து ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது பழைய 3-ம் பதிப்பின் வழியில் கேட்கும் கேள்வி. 4-ம் பதிப்பு மட்டும் ஓடும் சர்வர் அதற்குப் பதில் சொல்லாது, ஷேர் நன்றாகவே இருக்கும்.

இனி நான்காவது. மவுண்ட் ஆகிவிட்டது, ஃபோல்டர் தெரிகிறது, உள்ளே ஃபைலைச் சேமிக்கப் போனால் "பெர்மிஷன் டினைடு". புதிதாக வருகிறவர்கள் இதையும் முன்னால் சொன்ன "ஆக்சஸ் டினைடு"-வையும் ஒன்று என்று நினைத்துத் திரும்ப எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலையே கிண்டுவார்கள். அந்தச் செக்போஸ்டை எப்போதோ தாண்டியாகிவிட்டது, இப்போது மறுப்பது ஃபைலின் சொந்தக்காரர் கணக்கு.

எங்கள் ஃபேக்டரியில் நடந்ததையே சொல்கிறேன். எடை போடும் கம்ப்யூட்டரில் முதலில் மாமா பையனுக்கு லாகின் போட்டேன், பிறகு அண்ணனுக்கு. அண்ணன் மேஜைக் கம்ப்யூட்டரில் அண்ணனுக்கு மட்டும். லினக்ஸ் முதல் ஆளுக்கு 1000 என்று எண் கொடுக்கும், அடுத்தவருக்கு 1001. ஆக ஒரு கம்ப்யூட்டரில் அண்ணன் 1001, இன்னொன்றில் 1000. என்எஃப்எஸ்ஸுக்குப் பெயர் ஒரு பொருட்டே இல்லை, எண்தான் போகும். அண்ணன் தன் மேஜையில் உட்கார்ந்து எழுதிய ஃபைல் எல்லாம் எடைக் கம்ப்யூட்டரில் மாமா பையன் பெயரில் தெரிந்தது, அங்கே அண்ணனால் தன் ஃபைலையே திருத்த முடியவில்லை. "நான் எழுதுன கணக்கு அவன் பேர்ல எப்படிப் போச்சு" என்று ஒரு சின்னக் குடும்பச் சண்டை வேறு. எல்எஸ் கட்டளையில் -எல்என் சேர்த்தால் பெயருக்குப் பதில் எண் வரும், ஐடி என்று தட்டினால் உங்கள் எண் வரும், இரண்டையும் இரு பக்கமும் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி முதல் ஆளுக்கு 1001 கொடுக்கும், மேக் 501. வகைவகையான சிஸ்டங்கள் கலந்த இடத்தில் இந்தச் சிக்கல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரே ஆளுக்கு எல்லா இடத்திலும் ஒரே எண் வைப்பதுதான் மருந்து, யூசர்மாட் -யூ அதற்கான கட்டளை. மாற்றிய பிறகு பழைய எண்ணில் கிடக்கும் ஃபைல்களின் சொந்தக்காரரை மாற்ற சிஹெச்ஓன் போடவும் மறக்க வேண்டாம்.

"அட, சூடோ போட்டு எழுதிவிடலாமே" என்று தோன்றும். தோற்றுப்போவீர்கள். சூடோ போட்டு ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக, வருகிற ஆளை என்எஃப்எஸ் சர்வர் வாசலிலேயே மடக்கி 65534 என்ற எண்ணுள்ள நோபடி ஆக்கிவிடும், ரூட் ஸ்குவாஷ் என்று பெயர். உங்கள் வீட்டில் நீங்கள் ராஜாவாக இருக்கலாம், அடுத்த வீட்டுச் சமையலறையில் அந்தக் கிரீடம் செல்லாது. இது பிழை இல்லை, பாதுகாப்பு, அணைக்காதீர்கள்.

அணைக்காதீர்கள் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, 777. பெர்மிஷன் சிக்கல் என்றால் எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் சிஎச்மாட் 777-ஐ உடனே அடித்துவிட்டு "வேலை செய்யுது பாஸ்" என்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. செக்போஸ்டில் தடுப்புக் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நெரிசல் தீர்ந்தது என்பது மாதிரி அது. அதற்கும் மேலே, பல நேரம் அது வேலையும் செய்யாது, ஏனென்றால் தடை அந்த ஃபோல்டரில் இருக்காது, அதற்கு மேலே இருக்கும் ஏதோ ஒரு ஃபோல்டரில் இருக்கும். நேம்ஐ -எல் என்று ஒரு கட்டளை இருக்கிறது, முழுப் பாதையைக் கொடுத்தால் வேரிலிருந்து ஒவ்வொரு படியாக யாருக்கு என்ன உரிமை என்று காட்டும். இவ்வளவு நல்ல கருவி ஏன் இவ்வளவு பேருக்குத் தெரியாமல் கிடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சம்பா பக்கம் வருவோம். மாமாவின் லேப்டாப் பாஸ்வேர்டு சரியாகத் தட்டியும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. காரணம், சம்பா தனக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு நோட்டு வைத்திருக்கிறது. லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டு அதில் தானாகப் போய் உட்காராது. எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ என்று போட்டு அந்த ஆளைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அடம்பிடித்தால் விண்டோஸைச் சந்தேகப்படுங்கள், அது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே நீட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸில் நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்பை அழித்துவிட்டு, சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். யார் பக்கம் தப்பு என்று பிரித்துப் பார்க்க, சர்வரிலேயே உட்கார்ந்து எஸ்எம்பிகிளையன்ட் -எல் லோக்கல்ஹோஸ்ட் அடித்துப் பாருங்கள், அங்கே ஷேர் பட்டியல் வந்தால் சம்பா பிழைத்திருக்கிறது. கான்ஃபிகரேஷனில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று டெஸ்ட்பார்ம் சொல்லும்.

சம்பா உள்ளே விட்ட பிறகும் லினக்ஸின் ஃபைல் உரிமை தனியாகப் பார்க்கும், இரண்டும் சரி என்றால்தான் எழுத முடியும். ஃபெடோரா வகை என்றால் எஸ்இலினக்ஸ் என்று மூன்றாவது ஆள் ஒருவரும் நிற்பார். எல்லாமே சரியாக இருந்தும் விடவில்லை என்றால் அவர்தான், ஃபோல்டருக்கு சம்பா ஷேர் என்ற லேபிள் வேண்டும். அப்புறம் இந்தப் பழைய ஸ்கேனர், ஜெராக்ஸ் மெஷின்கள். "நேற்றுவரை ஸ்கேன் பண்ணினால் நேராக ஃபோல்டரில் விழுந்தது, சர்வரை அப்கிரேடு பண்ணியதிலிருந்து விழவில்லை" என்றால் அது பேசுவது எஸ்எம்பியின் முதல் பதிப்பாக இருக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் புரோகிராம் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான், 2019-ல் வந்த சம்பா 4.11-லிருந்து அது வழக்கமாகவே மூடப்பட்டிருக்கிறது. ஸ்கேனருக்காக அதைத் திறக்காதீர்கள், மெயிலுக்கோ பென்டிரைவுக்கோ ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் "விடமாட்டேன்" என்று சொல்லும் சிக்கல்கள். ஒன்றுமே சொல்லாமல் உறைந்துபோகும் வகை ஒன்று இருக்கிறது, கரண்ட் போய் வரும் ஊர்களில் இதுதான் அதிகம். சர்வர் அணைந்தால் கிளையன்டில் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் அடித்தால்கூட அப்படியே நிற்கும், லாகில் "சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்" என்று இருக்கும். பார்க்கப் பழுதுபோல இருந்தாலும் இது வேண்டுமென்றே செய்தது. ஹார்டு மவுண்ட் என்பார்கள், சர்வர் வரும்வரை கையில் இருக்கும் எழுத்தைக் கீழே போடாமல் காத்திருக்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் சாஃப்ட் என்று மாற்றச் சொல்வார்கள், அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இன்புட் அவுட்புட் எரர்" என்று கைவிடும், எழுதிக்கொண்டிருந்தது பாதியில் போகும். விவசாயியின் இலை எடை சம்பந்தப்பட்ட கணக்கில் அந்த விளையாட்டு வேண்டாம். உறைந்ததை விடுவித்தே ஆக வேண்டும் என்றால் யுமவுண்ட் -எல் இருக்கிறது.

"ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்பது வேறு. ஃபைலின் பெயரை அல்ல, சர்வர் தந்த ஒரு டோக்கன் எண்ணைத்தான் கிளையன்ட் கையில் வைத்திருக்கும். சர்வரில் டிஸ்க்கை மாற்றினாலோ அந்த ஃபோல்டரை அழித்து அதே பெயரில் புதிதாக உருவாக்கினாலோ டோக்கன் செல்லாது. மவுண்டை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், போதும்.

கரண்ட் வந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் எழும், சர்வர் எழுவதற்கு முன் கிளையன்ட் எழுந்து ஷேரைத் தேடும், பூட் நடுவிலேயே நிற்கும். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று கிளையன்டில் எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலின் வரியில் நோஃபெயில், அடிக்கோட்டுடன் நெட்டெவ், அப்புறம் எக்ஸ் சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட் ஆகியவற்றைச் சேர்த்தால் ஃபோல்டரை யாராவது தொடும்போதுதான் மவுண்ட் ஆகும். அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து திறப்பதற்குள் சர்வர் எழுந்துவிடும்.

கடைசியாக, தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் ஒரு வினோதம். "கொழுந்து" என்று ஒரு ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, அதே பெயரைத் தட்டித் திறந்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம், "ஒ" குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலுமாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டு வேறு பெயர்கள். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் உள்ள மேக்குகள் பிரித்து வைக்கும் பழக்கம் உள்ளவை, அவை என்எஃப்எஸ் வழியாகப் போட்ட ஃபைல்களில் இது வரும். ஒ, ஓ, ஔ குறி உள்ள பெயர்களில் மட்டும் தகராறு என்றால் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கான்வ்எம்வி என்ற கருவிக்கு உள்ளீடு, வெளியீடு இரண்டுக்கும் யூடிஎஃப்8 கொடுத்து ஒரே குறியாக வைக்கும் வடிவமான என்எஃப்சி விருப்பத்தையும் சேர்த்தால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். சும்மா ஓட்டினால் என்ன மாற்றப்போகிறேன் என்று காட்டுவதோடு சரி, நோடெஸ்ட் சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். அதைச் சர்வரிலேயே, சாயங்காலம் எல்லாரும் ஃபைலை மூடிவிட்டுப் போன பிறகு ஓட்டுங்கள்.